சட்டி வைக்காத நெருப்பு

வேலூர் பக்கத்து வெயில்ல பொறந்து வளர்ந்தவளுக்கு நெருப்புக் குழி ஒரு கேடான்னு எங்க தெருவுல கேக்காத ஆள் கிடையாது. சித்திரையில செருப்பில்லாம வாசல் தாண்ட முடியாத ஊரு. இங்க ஒருத்தி புழக்கடையில மண்ணைத் தோண்டி, செங்கல் அடுக்கி, நெருப்புக்குன்னு தனியா எடம் கட்டினா சிரிப்பாங்கதான். சிரிச்சிட்டுப் போகட்டும். அவங்க சிரிப்புக்கு பயந்திருந்தா இந்நேரம் நான் வீட்டையே விட்டுக் கெளம்பியிருப்பேன்.

முதல்ல எங்க வீடு எப்படின்னு சொல்லிடறேன், அப்பதான் சண்டை புரியும். ஆம்பூர்ல இருந்து பேரணாம்பட்டு போற ரோட்டுல, பஸ் நிக்கிற எடத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, என் மாமனார் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வீடு கட்டினாரு. ஒண்ணு பெரிய மகனுக்கு, ஒண்ணு சின்ன மகனுக்கு. சின்னவர்தான் என் வீட்டுக்காரர். ரெண்டு வீட்டுக்கும் பின்னாடி புழக்கடை ஒண்ணுதான், குறுக்கே வேலி கிடையாது. நடுவுல இருந்த முருங்கை மரம்தான் எல்லை. மரத்துக்கு இந்தப் பக்கம் எங்களது, அந்தப் பக்கம் அவங்களது. ஒரு மழைக்காலத்துல காத்தடிச்சு மரம் சாஞ்சுது, வெட்டிப் போட்டாச்சு. அதுக்கப்புறம் எல்லையைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இருந்தவரைக்கும் அதுக்கு அவசியமும் வரல.

என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனி பஸ் ஓட்டினவர். நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னவரை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பள்ளிகொண்டா தாண்டறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதைப் பத்தி இங்க ஜாஸ்தி எழுத மாட்டேன். காரியம் முடிஞ்சு, சொந்தக்காரங்க கெளம்பின கையோட, என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரோட அண்ணன், என் பக்கத்துல ஒரு லோடு ஜல்லி கொட்டினாரு. கேட்டதுக்கு, சும்மாதானேம்மா கெடக்குதுன்னாரு. அடுத்து எம்சாண்ட் மணல் வந்துச்சு. அடுத்து எங்கயோ இடிச்ச வீட்டுக் கதவும் ஜன்னலும் வந்து என் துணி காயப்போடுற கம்பி மேல சாஞ்சு நின்னுது.

விஷயம் என்னன்னா, தோல் பதனிடுற டேனரி வேலைக்கு வெளி மாநிலத்துல இருந்து வர்ற பசங்களுக்கு அவர் தன் பக்கத்துக் கடைசியில வாடகை ரூமுங்க வரிசையா கட்டப் போறாரு. டிராக்டர் உள்ள வர வழி வேணும். வழி என் புழக்கடையில. அதைக்கூட என்கிட்ட நேரா கேக்கல. மேஸ்திரிகிட்ட கையை நீட்டிக் காட்டிக்கிட்டிருந்ததை நான் துணி உதறும்போது காதால கேட்டேன். இந்தப் பக்கம் ஆள் இல்ல, வண்டி தாராளமா வரும்னு சொல்றாரு. நான் அங்கதான் நிக்கிறேன், கையில ஈரப் புடவையோட. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஜல்லியை வாரி அவர் மேலயே வீசியிருக்கணும்.

வீசல. ஆனா ஒண்ணு நல்லா மண்டையில ஏறிச்சு. நான் அந்த எடத்தை வச்சி எதையாவது பண்ணாத வரைக்கும் அது அவருக்கு வழிதான். ஓசூர்ல இருக்கிற என் பொண்ணு, நீயும் ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விடும்மான்னா. நான் வேலை பாக்குற ஷூ கம்பெனியில ஒருத்தி மாடு வாங்கிக் கட்டுன்னா. என் ஓரகத்தி, மூத்தாரோட சம்சாரம், ஒண்ணும் சொல்லல. அவங்க எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து பின்பக்கத்துக் குழாயடியில உக்காந்து பாத்திரம் தேய்ச்சிக்கிட்டே எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

நெருப்புக் குழின்னு என் புத்தியில ஏறினது ஏலகிரியில. கம்பெனியில வருஷத்துல ஒரு தடவை எங்களை எங்கயாவது கூட்டிட்டுப் போவாங்க. அந்தத் தடவை ஏலகிரி மலை. தங்கின எடத்துல பொழுது சாய்ஞ்சதும் கல்லை வட்டமா அடுக்கி, நடுவுல கட்டையைப் போட்டுக் கொளுத்திவிட்டு, சுத்தி நாற்காலி போட்டாங்க. நாங்க தோல் வெட்டுற கட்டிங் செக்‌ஷன் பொம்பளைங்க போய் உக்காந்தோம். கொஞ்ச நேரத்துல எனக்குக் கை பரபரன்னுது. ஊதணும் போல இருக்கு, தள்ளி விடணும் போல இருக்கு, எதையாவது எடுத்து மேல ஏத்தணும் போல இருக்கு. ஏத்தறதுக்கு எதுவும் இல்ல. புத்தி தெரிஞ்ச நாள்ல இருந்து நான் நெருப்பு முன்னாடி உக்காந்ததெல்லாம் சோத்துப் பானைக்கு, குளிக்கிற வெந்நீருக்கு, யாரோ ஒருத்தர் பசிக்கு. வேலையே இல்லாம உக்காந்தது கிடையவே கிடையாது.

பக்கத்துல என் தோஸ்த் உக்காந்திருந்தா. பாய் வீட்டுப் பொண்ணு, கல்யாணச் சமையல் குடும்பம், பிரியாணி தேக்சா பக்கத்துலயே வளர்ந்தவ. ரொம்ப நேரம் நெருப்பையே பாத்துட்டு, "அக்கா, இதுல ஒண்ணுமே வேகலையே"ன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. நானும் சிரிச்சேன். நிறுத்த முடியல. சூப்பர்வைசர் வந்து என்னாச்சுன்னு கேக்குற அளவுக்குச் சிரிச்சோம். என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எனக்கு அப்படி வாய்விட்டுச் சிரிப்பு வந்ததே இல்ல. மலை இறங்கி வர்றப்ப பஸ்ஸிலயே முடிவு பண்ணிட்டேன். எங்க ஊரு ஆம்பளைங்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கு, பாலாத்துப் பாலத்துக் கட்டை இருக்கு. எங்களுக்கு கம்பெனியை விட்டா பஸ், பஸ்ஸை விட்டா அடுப்படி. எனக்கு ஒரு எடம் வேணும், அது என் எடத்துல வேணும்.

ஆனா இந்தக் காரணத்தை யார்கிட்டயும் சொல்லல. சொல்லத் துணிச்சல் வரல. பொண்ணுகிட்ட கொசுவுக்குப் புகை போடன்னேன். பக்கத்து வீட்டுல வெந்நீர் வைக்கன்னேன்.

எப்படிப்பட்ட குழின்னு தேர்ந்தெடுக்கறதுக்குள்ள பேஜாராப் போச்சு. வெல்டிங் கடைக்காரர், டேனரிக்கு கெமிக்கல் வர்ற டிரம்மை பாதியா அறுத்துக் கால் வச்சித் தர்றேன், சுலபமா முடிஞ்சிடும்னாரு. அந்த டிரம்முல என்ன வந்துச்சுன்னு இந்த ஊர்ல எவளுக்குத் தெரியாது? அதைச் சூடு பண்ணி முகத்துல வாங்கிக்க எனக்கென்ன தலையெழுத்து? சிமெண்ட் உறை விக்கிறவர் கிணத்து உறை ஒண்ணு போதும்னாரு. சூடு ஏறினா அது பட்டுனு தெறிக்கும். ஃபோன்ல பாத்தா இரும்புல கிண்ணம் மாதிரி ஒண்ணு, பாக்க அம்சமா இருந்துச்சு, வீட்டுக்கே அனுப்புவாங்களாம். அதை வாங்கத்தான் இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். தூக்க முடிஞ்ச சாமான் எனக்கு வேணாம். நான் வேலைக்குப் போய்ட்டுத் திரும்பி வந்தா மூத்தார் அதை ஓரமா நகர்த்தி வச்சிருப்பாரு, கேட்டா வழியில இருந்துச்சும்மான்னுவாரு. நகர்த்த முடியாததா இருக்கணும்னா மண்ணுக்குள்ள இறங்கணும். அதனால குழிதான், செங்கல் கட்டின குழி.

எடத்தையும் அப்படித்தான் பாத்தேன். டிராக்டர் எது வழியா வரும்னு அவர் கையை நீட்டினாரோ அதுக்கு நட்ட நடுவுல.

கட்டிங்ல எங்க வழக்கம் என்னன்னா, தோலை மேசை மேல விரிச்சதும் கத்தியை எடுக்க மாட்டோம். முதல்ல கையால தடவி எங்க தழும்பு, எங்க உண்ணி கடிச்ச எடம்னு பாத்து, அப்புறம் பேட்டர்னை மேல வச்சி நகர்த்திப் பாத்துத்தான் வெட்டுவோம். குழிக்கும் அட்டையில பேட்டர்ன் வெட்டினேன். தோஸ்தையும் இன்னும் மூணு பேரையும் வரவழைச்சி ஸ்டூல் போட்டு உக்கார வச்சி, முழங்கால் ஒருத்தருக்கொருத்தர் இடிக்காம, முகத்துல சூடு அடிக்காம எவ்வளவு தூரம்னு பாத்து, சுண்ணாம்பால வட்டம் போட்டேன். மண்ணுக்கு மேல எல்லாத்தையும் பாத்தேன். அடியில என்ன இருக்குன்னு தடவிப் பாக்கத் தோணல.

ஞாயித்துக்கிழமை நானும் தோஸ்தும் கடப்பாரை பிடிச்சோம். மழை விட்ட நேரம், மண்ணு வெண்ணெயா வெட்டுப்பட்டுச்சு. முழங்கால் ஆழம் எடுத்து, அடியில அவர் கொட்டின ஜல்லியையே அள்ளிப் பரப்பினேன். என் எடத்துல கெடந்த ஜல்லி, பின்ன யாருக்காம்? மேல சுத்தி சூளைச் செங்கல், களிமண் பூச்சு. மூத்தார் வந்து இடுப்புல கை வச்சிக்கிட்டு நின்னாரு. இது இன்னாம்மான்னாரு. வெந்நீர் வைக்க மாமான்னேன். இவ்வளவு பெருசாவான்னாரு. ஆமாம் மாமான்னேன். பின்னாடி குழாயடியில ஓரகத்தி ஒரு தட்டையே ரொம்ப நேரம் தேய்ச்சிக்கிட்டு இருந்தாங்க.

கார்த்திகை மாசம் முதல் நெருப்பு. சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட நாலு பேரும் நேரா என் வீட்டுக்கே வந்துட்டாங்க. கருவேலங்கட்டை, கொஞ்சம் தேங்கா மட்டை. ஒருத்தி சோளக்கதிர் சுடலாமான்னா. கூடாதுன்னுட்டேன். இங்க எதுவும் வேகக் கூடாது, சுடக் கூடாது, டீ கூட வைக்கக் கூடாது, டீ வேணும்னா கடையில வாங்கிட்டு வா. அவ முறைச்சா, ஆனா உக்காந்தா. பேசினோம், பேசாமயும் இருந்தோம். அதுக்கப்புறம் எல்லா சனிக்கிழமையும் அதே.

தெரு சும்மா இருக்குமா? புருஷனைப் பறிகொடுத்தவ நெருப்பு மூட்டிக் கும்மாளம் போடறான்னு பேச்சு. மூத்தார் என்னைக் கூப்பிட்டு, மானம் போகுது, நிறுத்திக்கோன்னாரு. என் வீட்டுக்காரர் செத்தப்ப எனக்கு ஒரு வேளை சோறு கொண்டாந்து வைக்காத தெரு அது. அந்தத் தெருவுக்கு எதுக்கு என் மானத்து மேல இவ்வளவு அக்கறை? சரிங்க மாமான்னு சொல்லிட்டு வந்து அடுத்த சனிக்கிழமையும் கொளுத்தினேன்.

மாசி வந்து மண்ணு காஞ்சுது. அப்பதான் வந்துச்சு வினை. ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்தா, தெருமுனையிலயே ஒரு நாத்தம். முடி கருகின மாதிரி, அதுக்கும் மேல ஒரு காரம். தோல் எரியற வாசனை எனக்கு மூக்குல பழகினது, தப்பாது. குழியைப் போய்ப் பாத்தா ஜில்லுனு கெடக்குது. புகை வேற எடத்துல. குழிக்குத் தள்ளி, மூத்தார் ரூமுக்கு அளந்து முளை அடிச்சிருந்தாரே, அந்த முளைங்க நடுவுல, தரையில இருந்தே நூலு நூலா கெளம்புது. காலை வச்சா செருப்புக்குள்ள சூடு ஏறுது.

அவர் ஏற்கெனவே வார்டு மெம்பரையும் தெருப் பெரியவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்து நிறுத்தியிருந்தாரு. நான் அன்னைக்கே சொன்னேன், இவ கேக்கல, இப்ப வீட்டுக்கே நெருப்பு வச்சிட்டான்னு ஆரம்பிச்சாரு. குழியை மூடணும், தரையைச் சமமாக்கணும், இனிமே பின்பக்கம் மொத்தத்தையும் தானே பாத்துக்கறேன்னாரு. கடைசியில சொன்னதுதான் மெயின் விஷயம். மத்ததெல்லாம் அதுக்குப் பந்தல். பெரியவங்க தலையை ஆட்டினாங்க. மெம்பர் என்னைப் பாத்து, இன்னாம்மா, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னாரு. இன்னைக்கு விட்டா எடம் போச்சு, நாளைக்கு டிராக்டர் நிக்கும்னு தெரியும். அதனாலதான் வாயை விடாம கடப்பாரையை எடுத்தேன்.

புகை வந்த எடத்துல, அவர் முளைக்குப் பக்கத்துல, ஓங்கிக் குத்தினேன். மேல் மண்ணு பெயர்ந்துச்சு. அடியில நீலச் சாம்பல் நிறத்துல, பஞ்சு மாதிரி படிஞ்சு போய், ஓரத்துல கனன்றுக்கிட்டு ஒரு அடுக்கு. டேனரியில தோலைச் சீவுறப்ப விழற தூள். என் குழிச் சூடு அடியில இறங்கி இதுல பத்திக்கிட்டு, மண்ணுக்குள்ளயே ஊர்ந்து இங்க வந்திருக்கு. இன்னும் நகர்ந்து குத்தினேன், அங்கயும் அதேதான். அவர் பக்கத்துல உள்ள போகப் போக அடுக்கு தடிமனாகுது.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம். ஒரு காலத்துல இங்கெல்லாம் பள்ளம், மழை பேஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி. டேனரி லாரிக்காரன் தூளைக் கொட்ட எடம் தேடுவான். எங்க எடத்துல கொட்டுப்பான்னு அவங்களாவே கூப்பிட்டுக் கொட்ட வச்சி, மேல கொஞ்சம் மண்ணைத் தள்ளி, மேடாயிடுச்சுன்னு சந்தோஷமா வீடு கட்டினாங்க. என் மாமனாரும் அப்படித்தான். பாதித் தெரு அது மேலதான் நிக்குது. மெம்பர் வீடு உட்பட. அவர் குனிஞ்சு பாத்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பாக்கல.

அப்பதான் நான் பேசினேன். "நெருப்பு என்னோடது மாமா. அடியில கெடக்குறது உங்கப்பா கொட்டினது. நான் என் பக்கத்தைத் தோண்டிச் சுத்தம் பண்ணிக்கறேன். உங்க பக்கத்து மேல ரூம் கட்டி ஆளைக் குடி வைக்கப் போறீங்களே, நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

மூத்தார் முளையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. பெரியவங்கள்ல ஒருத்தர்தான், நல்ல மனுஷன், கோவமில்லாம கேட்டாரு. சரிம்மா, வெந்நீருக்கு கேஸ் இருக்கு, கொசுவுக்கு வத்தி இருக்கு, இதை வச்சி நீ இன்னாதான் பண்ற? அவ்வளவு நாளா ஆளுக்கொரு பொய் சொல்லிக்கிட்டிருந்தேன். அன்னைக்கு வாயில பொய் வரல.

"உக்கார்றேன்"ன்னேன்.

உக்கார்றதுக்கான்னாரு. ஆமாங்க, நானும் என்கூட வேலை செய்யறவங்களும் உக்கார்றதுக்கு, அவ்வளவுதான், வேற உபயோகம் இல்லன்னேன். அவர், அவ எடத்துல அவ உக்காரட்டும்பான்னு சொல்லிட்டு நடந்துட்டாரு. மெம்பருக்கும் அங்க நிக்க இஷ்டம் இல்ல. யாராவது அவர் வீட்டுத் தரையையும் தோண்டச் சொல்லிட்டா?

அந்த வாரம் பூரா வேலைதான். தண்ணி ஊத்தி ஊத்தி அணைச்சி, தூளை வெட்டி எடுத்து மூட்டை கட்டி, கம்பெனிக் கழிவு எடுக்கிற வண்டிக்காரர்கிட்ட கெஞ்சி ஏத்தி விட்டோம். தோஸ்த் லீவு போட்டுட்டு வந்து செம்மண் கொட்ட நின்னா. இந்தத் தடவை அடி வரைக்கும் தோண்டி, கெட்டி மண்ணு தட்டுப்படற வரைக்கும் நான் விடல. செங்கல்லை மறுபடி அடுக்கினேன். பழசை விட நல்லா வந்துச்சு, அதைச் சொல்லிக்கறதுல எனக்கு வெக்கம் இல்ல. மூத்தாரும் அவர் பக்கத்தைத் தோண்டித்தான் ஆகணும்னு ஆச்சு. டிராக்டருக்கு வழி? அவர் வீட்டுக்கு அந்தப் பக்கம் சந்து இருக்கவே இருந்துச்சு. கார் ஷெட்டைப் பிரிக்கணும், அதுக்குத்தான் மனசு வரல. இப்ப பிரிச்சிட்டாரு.

ஆனா என் நெருப்பைப் பாத்துக்கிட்டு இருக்க அவரால முடியல. இந்தக் கண்றாவி என் வீட்டுப் பொம்பளைங்க கண்ணுல படக் கூடாதுன்னு சொல்லி, புழக்கடைக்கு நடுவுல செவுரு எழுப்பினாரு. மேஸ்திரி எங்க நூல் பிடிக்கறதுன்னு கேட்டப்ப, முருங்கை நின்ன அண்ணன் தம்பி எல்லையை அவர் கையாலயே காட்டினாரு. ஆள் உயரத்துக்கும் மேல, இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாத மாதிரி, கெட்டியா கட்டினாரு. வடக்குக் காத்து நின்னு போச்சு. கட்டை இப்ப நின்னு எரியுது.

செவுரு முடிஞ்சு வந்த முதல் சனிக்கிழமை, நாங்க உக்காந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வாசல் பக்கம் செருப்புச் சத்தம். பாத்தா ஓரகத்தி. தெரு வழியா சுத்தி, என் வீட்டுக்குள்ள நுழைஞ்சு, கையில அவங்க வீட்டு ஸ்டூலோட பின்பக்கம் வந்து நிக்கிறாங்க. தோஸ்த் நகர்ந்து எடம் விட்டா. அவங்க ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ஈரம் காயாத கையை நெருப்புப் பக்கம் நீட்டினாங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் கதவு தெறந்துச்சு. மூத்தார் வீட்டுக்குள்ள ஒரு தடவை, குழாயடியில ஒரு தடவை அவங்களைக் கூப்பிட்டாரு. அப்புறம் செவுத்துக்குப் பக்கத்துலயே வந்து நின்னு, எங்க போய்ட்ட, சோறு போடுன்னு சத்தமா கூப்பிட்டாரு.

நாங்க எல்லாரும் ஓரகத்தி முகத்தைப் பாத்தோம். அவங்க நெருப்பை விட்டுக் கண்ணை எடுக்கல.

"கூப்பிடட்டும் விடு"ன்னாங்க.